உப்பிய டின்

மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு அழுத குழந்தை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். துரைசானி ஆசையாகக் கூப்பிட்டுக் கொடுத்த மிட்டாய் அது. கரித்துண்டு மாதிரி கறுப்பாக, பளபளவென்று இருந்தது. வாயில் போட்டால் இனிப்பைக் காணோம். உப்பு! அதுவும் சாப்பாட்டு உப்பில்லை. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன் போடுவானே நவச்சாரம், அந்த நெடி மூக்குத் தண்டு வரைக்கும் ஏறியது. துரைசானி என் முகத்தையே பார்த்துச் சிரித்தபடி நிற்கிறார். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் இரண்டு எடுத்துக் கையில் திணித்தார்.

நான் என்ன தப்பு செய்தேன், எதற்கு இந்தத் தண்டனை என்று அன்று முழுக்க யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த வீட்டில் எதுதான் பிடிபட்டது?

நைனா அங்கே சமையல்காரர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம். பழைய இங்கிலீஷ் துரை கப்பலேறியதும் நைனாவுக்கு வேலை போய், ஒரு வருஷம் ஜீவனஹள்ளியில் மாமா வீட்டில் மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு களி தின்றோம். அப்புறம்தான் இந்தத் துரை வந்தார். ஸ்வீடன் என்று ஒரு தேசமாம். இங்கே புதிதாகக் கட்டிய ஒரு ஃபேக்டரியில் மெஷின் பூட்டிக் கொடுக்க வந்தவர். பெங்களூர் பிரேசர் டவுனில் அவருக்குப் பங்களா, அதற்குப் பின்னால் எங்களுக்கு அவுட்ஹவுஸ்.

நைனாவுக்கு அந்த வேலை கிடைத்தது சிட்டுகளால். 'இவன் நல்ல சமையல்காரன், கை சுத்தம்' என்று துரைமார் போகும்போது எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்குத்தான் சிட்டு என்று பெயர். நைனாவிடம் மூன்று இருந்தன. சிட்டு இல்லாத சமையல்காரனைக் கண்டோன்மெண்டில் ஒருத்தரும் வாசலில்கூட நிற்கவிட மாட்டார்கள். திருடன் என்று ஒரு துரை சொல்லிவிட்டால் பழைய சிட்டுகளும் அடுப்பெரிக்கத்தான் ஆகும். பக்கத்து பங்களாவில் பட்லரின் மகள் ஒரு பிஸ்கட்டை எடுத்தாள் என்று, குடும்பத்தையே மூட்டை முடிச்சோடு அனுப்பியதை நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம். அன்றிலிருந்து பங்களாவின் சாமான் அறைக்குள் நான் கால் வைக்கக் கூடாது என்பது நைனாவின் சட்டம்.

இங்கிலீஷ்காரர் சமையலில் நைனா புலி. ஆனால் இந்தத் துரை சாப்பாடு அவரையே திணற அடித்தது. மீனைச் சர்க்கரையும் வினிகரும் போட்டுப் பச்சையாக ஊறவைக்கச் சொல்வார்கள். வெல்லக்கட்டி நிறத்தில் ஒரு சீஸ். நைனா ஒரு துணுக்கு கொண்டுவந்து காட்டினார், அதுவும் வெல்லம் மாதிரியே தித்தித்தது. இவர்கள் நாட்டில் மிட்டாய் கரிக்கும், மீன் தித்திக்கும் போலிருக்கிறது என்று நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

"மீனுக்கு சர்க்கரை போடணுமாம். கேட்டியா கூத்த?" என்றார் நைனா.

"பாயசத்துக்கு மொளகாத்தூள் போடச் சொல்லலியேன்னு சந்தோசப்படுங்க" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு அந்தத் துரை குடும்பத்தின் மேல் ஒரு கோபம் உண்டு. அவர்கள் மேல் என்றால் அவர்கள் மேல் இல்லை, கருவாட்டின் பேரில். பழைய துரைசானி கருவாட்டு வாசனைக்கு மயக்கம் போட்டு விழுந்ததிலிருந்து, துரை வீட்டு காம்பவுண்டில் கருவாடு சுடக் கூடாது என்று நைனா இன்னொரு சட்டம் போட்டிருந்தார். மாமா எப்போது வந்தாலும் பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவார். அதை அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுத் திருப்பிக் கொடுத்தனுப்புவாள்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் துரைக்கு அவர் ஊரிலிருந்து மரப்பெட்டி வந்தது. கப்பலில் மதராஸ் வந்து, ரயிலில் பெங்களூர் வந்த பெட்டி. அதிலிருந்து துரை ஒரு மீன் டின்னைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிவந்து சாமான் அறை அலமாரியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு சிநேகிதர்கள் வருகிறார்கள், அப்போது நைனா இதைத் திறந்து பரிமாற வேண்டும் என்றார்.

நைனா டின்னைப் பார்த்தார். அது மேலும் கீழும் பூரி மாதிரி உப்பியிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நைனா சின்ன வயதில் பட்டாளத்துச் சமையல்கூடத்தில் எடுபிடியாக இருந்தவர். உப்பிய டின்னில் இருந்ததைத் தின்று அவரோடு வேலை பார்த்த ஒருவன் இரண்டே நாளில் செத்துப்போனதை நேரில் பார்த்திருக்கிறார். டின் உப்பினால் உள்ளே விஷம். திறக்காதே, மோந்துகூடப் பார்க்காதே, குழி தோண்டிப் புதை. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து எனக்கு இதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். மற்றப் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி என்றால் எனக்கு உப்பிய டின்.

அன்று சாயங்காலம் நைனா அவுட்ஹவுஸுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாஸ்டர், டின்னு ஸ்பாயில்னு சொன்னேன். சிரிக்கிறாரு. நோ நோ, பெஸ்ட்டுங்கிறாரு. குளிரு ஊர்க்காரரு, நம்ம ஊரு வெயில்ல டின்னு கெட்டுப்போறது அவருக்கு இன்னா தெரியும்?"

"அப்ப தொறக்கமாட்டேன்னு சொல்லிட்டு வாங்க."

"சொன்னா சோறு போச்சு. தொறந்தா உசுரு போச்சு. மூணு பேரு செத்துக் கெடந்தா போலீஸு யாரைப் புடிக்கும்? ஆக்கிப் போட்டவனத்தான்."

ஐயோ என்று இருந்தது எனக்கு. விலங்கு மாட்டி நைனாவை இழுத்துக்கொண்டு போவது அப்படியே கண்ணில் தெரிந்தது. சோறும் போகக் கூடாது, உயிரும் போகக் கூடாது. மூன்றாம் வகுப்புப் படிக்கிற மூளைக்கு ஒரே வழிதான் தோன்றியது. சனிக்கிழமை, நைனா கோழி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, கால் வைக்கக் கூடாத அந்த அறைக்குள் நுழைந்தேன். டின்னைப் பாவாடையில் மூடி எடுத்துக்கொண்டு ஓடி, பின்பக்கம் பப்பாளி மரத்தடியில் தோசைத் திருப்பியால் குழி தோண்டிப் புதைத்தேன். நைனா சொல்லிக்கொடுத்தபடியே மோந்துகூடப் பார்க்கவில்லை. இனி யாரும் சாக மாட்டார்கள் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துரை அலமாரியைத் திறந்தார்.

கொஞ்ச நேரத்தில் சமையலறைக்குள் ஒரே கலவரம். துரைசானியின் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. டின் எங்கே, வீட்டுக்குள் வருகிற வெளியாள் நீ ஒருத்தன்தானே, யாருக்கு விற்றாய் என்று இங்கிலீஷில் படபடவென்று கேட்கிறார். நைனா முதலில் விழித்தார். நிஜமாகவே அவருக்குத் தெரியாதே! நான் பின்வாசல் கதவை ஒட்டி நின்றிருந்தேன். நைனாவின் கண் சுற்றிச் சுற்றி வந்து என் பாவாடையில் நின்றது. நேற்றைய பாவாடைதான். விளிம்பு முழுக்கச் செம்மண். அந்த ஒரு பார்வைதான். பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஐ ஈட், மாஸ்டர்" என்றார்.

நான்தான் தின்றேன் என்கிறார்! எனக்குத் தலை சுற்றியது. டின் மண்ணுக்கடியில் அல்லவா இருக்கிறது?

துரை நைனாவின் கிட்டே வந்தார். "யூ ஈட்? ஆல்?"

"ஆல், மாஸ்டர். வித் ரைஸ்."

"குட்?"

நைனா தலையை ஆட்டினார். "வெரி குட், மாஸ்டர்."

இனி மூட்டை முடிச்சுதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டதோ ஒரு பெரிய சிரிப்பு. கண்ணைத் திறந்தால் துரை நைனாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறார். விஷயம் பிறகுதான் தெரிந்தது. அந்த மீன் துரையின் சொந்தச் சீமைக்கு மட்டும் உரியதாம், அந்த நாட்டின் வடகோடி. துரைசானி அதே நாட்டில் தெற்கத்திக்காரர். அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டாராம். கட்டிய பெண்டாட்டியே தொடாத மீனைச் சோற்றில் பிசைந்து தின்ற ஒரு மனிதன் பெங்களூரில் தன் சமையலறையிலேயே இருக்கிறான் என்றால் துரைக்கு எப்படி இருக்கும்! குஷி தாங்காமல் தன் அறை பீரோவைத் திறந்து இன்னொரு டின்னைக் கொண்டுவந்தார். அப்படி ஒன்று இருப்பது எனக்கும் தெரியாது, நைனாவுக்கும் தெரியாது. அது முதல் டின்னைவிட உப்பியிருந்தது.

மத்தியானம் தோட்டத்தில் மேஜை போட்டார்கள். துரை ஒரு பக்கெட் தண்ணீருக்குள் டின்னை அமுக்கிவைத்துத் தன் கையாலேயே திறந்தார். புஸ்ஸென்று குமிழி வந்தது. அப்புறம் வந்தது நாற்றம். எதைச் சொல்லி உவமை காட்டுவேன்? மாமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. விருந்தாளிகளில் ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசல் கேட்டுக்கே போய்விட்டார். அம்மா அவுட்ஹவுஸிலிருந்து முறத்தோடு ஓடிவந்தாள்.

"எங்கடி பெருச்சாளி செத்துக் கெடக்குது?" என்றவள் மேஜையைப் பார்த்து அப்படியே நின்றாள். "அடப்பாவிங்களா! ஒரு துண்டு கருவாட்டுக்கு வழியில்ல இந்த காம்பவுண்டுல. இது மட்டும் மணக்குதாமா?"

துரை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நைனாவை உட்காரச் சொன்னார். துரைக்கு எதிரில் சமையல்காரன் நாற்காலியில் உட்காருவது அதுவரை நான் பார்க்காத விஷயம். நைனா நுனியில் உட்கார்ந்தார். அவர் சுட்ட மெல்லிய சப்பாத்தியிலேயே துரை உருளைக்கிழங்கும் வெங்காயமும் அந்த மீனும் வைத்துச் சுருட்டி நீட்டினார்.

நைனா அதைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"ஜீவனஹள்ளிக்கு ஆள் அனுப்பு. மச்சான் சாயங்காலம் வந்துட்டுப் போகட்டும்."

"இப்ப அவன் எதுக்கு?"

"சும்மாதான். பாத்து ரொம்ப நாளாச்சு."

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம் நைனா! டின்னு உப்பியிருக்கு!"

நைனா என் தலையில் கை வைத்தார். "நல்ல மீனு கண்ணு. நேத்தே தின்னு பாத்தேனே. ஒண்ணும் செய்யாது" என்றார்.

பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்கிற நைனா, என் முகத்துக்கு நேராகப் பொய் சொல்கிறார். தின்றார். மென்று, விழுங்கி, துரையைப் பார்த்துச் சிரித்து, "வெரி குட்" என்றார். துரை இரண்டாவது சுருட்டிக் கொடுத்தார். அதையும் தின்றார். நான் பப்பாளி மரத்தடிக்கு ஓடிப்போய் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். டின் பத்திரமாக அங்கேயேதான் இருந்தது. அப்படியென்றால் நேற்று நைனா தின்றது எதை?

மறுநாள் காலை நைனா துணி துவைக்கிற கல்லைப் புரட்டிப் புரட்டிக் கொண்டுபோய்ச் சரியாக அந்த இடத்தில் போட்டார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, அங்கேதான் நிழல் என்றார். நானும் அதை நம்பினேன். அது புளிக்கவைத்த மீன், டின் உப்புவதுதான் அதன் பக்குவம் என்பது வெகு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் வருஷா வருஷம் டின் வந்தது, வருஷா வருஷம் நைனா நாற்காலி நுனியில் உட்கார்ந்து தின்றார். துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த சிட்டை, ஹைஸ்கூல் போன பிறகு எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாணயமானவர் என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர் மீனின் அருமை தெரிந்த ஒரே இந்தியர் என்றும் எழுதியிருந்தது.

ஆனால் எனக்குத் தீராமல் நிற்பது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். மாமா வந்தார், வழக்கம்போல பேப்பரில் கருவாட்டோடு. "சுடு, இன்னிக்கு யாரும் கேக்கமாட்டாங்க" என்று நைனாவே அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நைனா மட்டும் சாப்பிடவில்லை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாமாவிடம், "பாப்பாவ நடுவுல நிறுத்திடாம படிக்க வைக்கணும் மச்சான்" என்றார். "நீ இருக்க, நான் எதுக்கு?" என்று மாமா கருவாட்டைக் கடித்தார்.

வெளியே பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். நைனா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"வாய்ப்பாடு சொல்லு கண்ணு."

"எத்தனாவது?"

"எல்லாம்."

இரண்டிலிருந்து ஆரம்பித்தேன். நைனா என் கையை விடவே இல்லை. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் அவசரத்தில், பன்னெண்டேழு எண்பத்தாறு என்று உளறினேன். முட்டையை டஜன் டஜனாக வாங்குகிற நைனாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. மற்ற நாளாக இருந்தால் காதைத் திருகியிருப்பார். அன்று, "ம், சொல்லு" என்றார். முடித்ததும், "மறுபடி மொதல்லேருந்து" என்றார். வெளியே ஆட்டம் முடிந்து பிள்ளைகள் கலைந்து போனார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. டின்னை எடுத்ததற்கு நைனா தண்டனை கொடுக்கிறார் என்று நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னேன்.