என் தங்கையின் குரலில் பேசியவள்

என் தங்கையை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெண்கலம் என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தவுடன் அவள் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்ன பாத்திரம் விழுந்துச்சு?" என்று கேட்டாராம். அப்பா வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிட்டது.

"பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு தொண்டை எதுக்கு?" என்று எங்கள் அத்தை கேட்காத நாள் இல்லை. அதே அத்தை இன்று தொலைக்காட்சியில் படம் ஓடினால் பக்கத்து வீட்டுக்காரர்களை உட்கார வைத்து, "கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. அது எங்க பிள்ளை" என்கிறார்.

வெண்கலம் சினிமாவில் குரல் கொடுப்பவள். ஆள் என் தோளுக்குத்தான் வருவாள். அவள் குரலில் பேசும் நடிகைகளோ கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். காய்கறிக் கடையில் அவள் வெங்காயம் விலை கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். "எங்கேயோ கேட்ட குரலா இருக்கே" என்பார். "பேரம் பேசுற குரல் எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். மூக்குக் கண்ணாடிக் கடையில் சட்டத்துக்குள் வில்லை பொருத்துகிறேன். மையம் ஒரு நூல் தள்ளி விழுந்தாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். அதனாலோ என்னவோ, அவள் வேலையின் நுணுக்கம் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. படப்பிடிப்பில் அந்த நடிகைகளில் பாதிப் பேர் வசனமே பேச மாட்டார்கள். மொழி தெரியாததால் ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரவர் பாஷையில் எண்ணிவிட்டுப் போவார்கள். அந்த உதட்டசைவுக்குள் இவள் அழுகையையும் காதலையும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். சாப்பிடும் காட்சி என்றால் வாயில் ரொட்டித் துண்டை ஒதுக்கிக்கொண்டு பேசுவாள். ஓடும் காட்சிக்கு வெறுங்காலோடு நின்ற இடத்திலேயே குதித்து மூச்சு வாங்குவாள். முத்தக் காட்சி வந்தால் தன் புறங்கைக்கே முத்தம் கொடுத்துக்கொள்வாள்.

"உன் புறங்கைக்குத்தான் எத்தனை கதாநாயகனுங்க" என்பேன்.

"ஒருத்தனும் கட்டிக்கிறேன்னு வரலையே அக்கா" என்பாள்.

அவளுக்கு ஒரே ஒருவர் மேல்தான் கோபம், குரல் பதிவு செய்யும் கூடத்து ஒலிப்பதிவாளர் மேல். சிவப்பு விளக்கை அணைத்தாலும் அவர் பதிவை நிறுத்த மாட்டார். இவள் இருமுவது, ஏப்பம் விடுவது, "இவரு ஒரு டைரக்டரு" என்று முணுமுணுப்பது எல்லாம் அவரிடம் பத்திரமாக இருக்கும். கேட்டால், "எதுக்காவது ஆகும்மா" என்பார்.

அப்போதுதான் அந்தப் பட வாய்ப்பு வந்தது. அடிபட்டு நினைவு தப்பிய ஒரு பெண். கண் விழித்ததும் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, "நான்தான் உன் புருஷன்" என்கிறான். அவன் சமைத்துப் போடுகிறான், தலை வாரி விடுகிறான். கொஞ்சம் கொஞ்சமாக நினைவு திரும்பும்போதுதான் தெரிகிறது, அவளுடைய அக்காவைக் கொன்றவனே அவன்தான். கடைசியில் "அக்கா" என்று வீடே அதிர அலறிவிட்டு அவனைப் பழிவாங்குகிறாள். இதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேடம் என்று வெண்கலம் தரையில் கால் படாமல் திரிந்தாள்.

முக்கால்வாசிப் படம் பேசி முடித்த நிலையில் அவள் தொண்டை கட்டியது. வெந்நீர், கஷாயம் எதற்கும் மசியவில்லை. குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், குரல் நாணில் சிறு முடிச்சு இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்.

"எடுத்தா குரல் வருமா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"குரல் வரும். இதே குரல் வருமான்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவள், "இந்தப் படத்தை முடிச்சிட்டு வெட்டிக்கிறேன்க்கா. இது ஒண்ணுலயாவது நான் முழுசா இருக்கணும்" என்றாள். நான் மறுபடி உள்ளே போய்க் கேட்டேன். மருத்துவரும் அரை மனதாகச் சம்மதித்தார். மூன்று வாரம் தொண்டைக்கு ஓய்வு கொடுத்த பிறகு கடைசிப் பகுதியை மட்டும் பேசலாம் என்றார்.

ஓய்வு என்றால் மெல்லப் பேசுவது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். வெண்கலம் கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்தால் பதிலும் கிசுகிசுப்பாகத்தான் வருகிறது. என் கணவர் செய்தித்தாளைக் கிசுகிசுத்துப் படித்தார். அத்தை தொலைபேசியில் கிசுகிசுக்க, எதிர்முனையில் இருந்தவர், "யாரு தவறிட்டாங்க?" என்று பதறினார். பால் போடுபவர்கூட எங்கள் வாசலுக்கு வந்ததும் குரலை இறக்கிவிடுவார். ஓய்வு முடிந்து போய்க் காட்டியபோது மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சாதாரணமாகப் பேசுவதைவிடக் கிசுகிசுப்பதில்தான் தொண்டைக்கு வேலை அதிகமாம். வாயைத் திறக்காமலே இருந்திருக்க வேண்டுமாம்.

ஒலிப்பதிவு அன்று கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு நானும் போனேன். தடித்த கதவு, துணி ஒட்டிய சுவர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிவாங்கி முன்னால் அவள். இந்தப் பக்கம் இயக்குநர், ஒலிப்பதிவாளர், மடியில் வெந்நீர்க் குடுவையோடு நான். சிறு வசனங்களை எப்படியோ பேசிவிட்டாள். தொண்டை கெட்டுவிடும் என்று அலறலை எப்போதும் கடைசிக்குத்தான் வைப்பார்கள். திரையில் அந்த நடிகை வாயைத் திறந்தாள். என் தங்கையும் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். கிழிந்த துணி போல ஏதோ வந்து பாதியில் நின்றது.

சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் கண்ணாடி வழியே என்னைப் பார்த்து, "அக்கா... தண்ணி" என்றாள். நான் குடுவையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இயக்குநர் நல்ல மனிதர். திட்டவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "அலறலுக்கு மட்டும் வேற ஆளைப் போட்டா ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்கம்மா. போட்டா மொத்தப் படத்தையும் வேற ஆளை வெச்சுத்தான் பேசணும். யோசிக்கிறேன்" என்றார். திரும்பும்போது பேருந்தில் வெண்கலம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

அறுவை முடிந்தது. இந்த முறை கிசுகிசுப்பும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கை தட்டிப் பேசினாள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. மூன்று தட்டினால் அத்தையைப் பேச்சை நிறுத்தச் சொல்கிறாள் என்று பொருள். வீடு வீடாக இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனாலும் ஊருக்குப் போனவளுக்காக ஏங்குவது போல இருந்தது. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால்கூடத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் பேசாதிருந்த அந்த வாரங்களிலேயே படம் வெளியானது. இயக்குநரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கேட்கவும் எங்களுக்குத் துணிவில்லை. பகல் காட்சிக்குப் போனோம். என் கை அவள் பிடியில் இருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கதாநாயகி கண் விழித்தாள்.

"நான் யாரு?"

என் தங்கையின் குரல். கீறல் விழாத பழைய வெண்கலம். என் விரல்களை நெரித்தே விட்டாள்.

ஆனால் கடைசிக் காட்சி பாக்கி இருந்தது. அங்கே என்ன செய்திருப்பார்கள் என்ற கவலையில் கதையே என் மண்டையில் ஏறவில்லை. அந்த இடம் வந்தது. புருஷன் என்று சொன்னவன் மாடிப்படியில் ஏறி வருகிறான். மேலே இவள் நிற்கிறாள். நினைவு முழுதாகத் திரும்பிவிட்டது. இசை நின்றது. அலறலே இல்லை. நடிகையின் முகத்தைக் காட்டவில்லை, முதுகை மட்டும் காட்டினார்கள். வறண்டு, பாதி உடைந்து, ஒரு சொல் மட்டும் வந்தது.

"அக்கா..."

"இந்தா, வந்துட்டேன்டி" என்று நான் வாய்விட்டுச் சொல்லி, காலடியில் இருந்த பைக்குள் குடுவையைத் தேடினேன்.

முன்வரிசைக்காரர் திரும்பி, "அம்மா, அவங்க அக்கா செத்துட்டாங்கம்மா. படம் பாருங்க" என்றார்.

வெண்கலம் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இருட்டில் தெரியவில்லை. தண்ணீர் கேட்ட அந்தக் குரலை ஒலிப்பதிவாளர் எடுத்து வைத்திருக்கிறார். தண்ணியை மட்டும் வெட்டிவிட்டார்கள். கதாநாயகி ஏறி வந்தவனை என்ன செய்தாள் என்பதை நான் பார்க்கவில்லை. அத்தை சொல்லித்தான் பிறகு தெரியும்.

மெல்லக் குரல் வந்தது. கொஞ்சம் கனமாக, அடியில் மணல் கிடப்பது போல ஒரு குரல். கூடத்தில் கேட்டுவிட்டு வேலை கொடுக்கிறார்கள். கதாநாயகிக்கு இல்லை, கதாநாயகியின் அக்காவுக்கு. "உன் உத்தியோகத்தைப் பிடிச்சிட்டேன் பாத்தியா" என்று சிரிக்கிறாள். பேசுகிறதெல்லாம் முதல் தடவையிலேயே சரியாக உட்காருகிறது என்று ஒலிப்பதிவாளரே சொன்னார். நான் அதை எங்கள் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

அந்தப் படத்தை மட்டும், தியேட்டரை விட்டுப் போகும்வரை, வேலை முடிந்து தனியாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் சொன்னதில்லை.

நேற்று கடையிலிருந்து கொண்டுவந்த வில்லைகளை வீட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அக்கா" என்று ஒரு கனத்த குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசல் பக்கம் திரும்பினேன். வாசலில் ஒருவரும் இல்லை.

அவள் சமையலறைக் கதவோரம் வந்து நின்றாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"நான்தான்க்கா கூப்பிட்டேன்."

"தெரியும்டி" என்றேன். "இன்னொரு தடவை கூப்பிடு."

கூப்பிட்டாள்.