ஊதாக் கோடு

காப்பியிங் பென்சில் என்று அப்போது ஒன்று இருந்தது. பார்க்கச் சாதாரணப் பென்சில்தான். முனையை நாக்கில் நனைத்து எழுதினால் ஊதா நிறத்தில் அழுத்தமாக விழும், லேசில் போகாது. தபாலாபீசில் அதை ரசீது எழுத வைத்திருந்தார்கள். எங்கள் டாக்டரம்மா ஒரு மனுஷியின் உடம்பில் எழுத வைத்திருந்தார்.

யுத்த காலம். குண்டு விழும் என்று பயந்து மயிலாப்பூரில் பாதி வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஜனங்கள் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். போக இடமில்லாதவர்கள் தங்கினோம். தங்கிய பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூட ஹாலில், வியாழக்கிழமை மத்தியானங்களில், முதலுதவி வகுப்பு நடந்தது. எனக்குப் பதினெட்டு வயது. வாரம் ஒரு மண்டலம்: எலும்பு, மூச்சு, ரத்த ஓட்டம், ஜீரணம், நரம்பு. சுவரில் மாட்டப் படம் கிடையாது. "படத்தைப் பாத்துப் படிச்சா படத்துக்குத்தான் வைத்தியம் பண்ணுவீங்க" என்று சொல்லி, டாக்டரம்மா முதல் நாளே ஒருத்தியை அழைத்து வந்து ஸ்டூலில் உட்கார வைத்தார்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிற அக்காதான் அவள். சாந்தோம் பக்கத்துக் குப்பத்துக்காரி. மூச்சு வாங்குகிறது என்று டாக்டரம்மாவிடம் காட்டப் போனவளிடம், "வியாழக்கிழமை வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வா" என்று சொல்லியிருக்கிறார். எதற்கு என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. டாக்டர் வரச் சொன்னால் வைத்தியத்துக்குத்தான் என்று யாரும் நினைப்பார்கள். எனக்கு இது வெகு நாள் கழித்துத் தெரிந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஆசைதான். கொஞ்சம் யோசித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையை இறக்கச் சொல்லி, அவள் மேல் பென்சிலால் வரைவார். விலா எலும்பு இங்கே தொடங்குகிறது, நுரையீரல் இது வரைக்கும், கல்லீரலின் ஓரம் இது. முப்பது பெண்கள் சுற்றி நின்று பார்ப்போம். கூச்சத்தை மறைக்க அவள் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். "இன்னா டாக்டரம்மா, பூரா மெட்ராசையும் என் முதுவுலயே போட்டுட்டீங்களா? எங்க ஊட்டுக்கு எந்தப் பக்கம் போவணும்?" என்பாள். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் மூச்சு இரைக்கும்.

மூன்றாவது வாரம் ரத்த ஓட்டம். டாக்டரம்மா இங்கிலீஷில் விளக்கினார். சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து மூட்டுகள் வீங்கும். மூட்டு ஆறிவிடும், ஆனால் சிலருக்கு இதயத்தின் உள்ளே ஒரு கதவு தடித்து ஒட்டிக்கொள்ளும். ரத்தம் அந்தச் சந்தில் புகுந்து போக முடியாமல் பின்னால் நுரையீரலில் தேங்கும். மூச்சு வாங்கும், இருமல் வரும், மல்லாந்து படுக்க முடியாது, கால் வீங்கும். பாரம் சுமந்தால் மோசமாகும். வயிற்றில் பிள்ளை வந்தால் உடம்பில் ரத்தம் கூடும், அந்தச் சின்ன வாசல் தாங்காது. இத்தனையையும் அவளை வைத்துக்கொண்டே சொன்னார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. சொல்பவரின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு தமிழில், "கையை வெச்சுப் பாருங்க, பூனை உறுமுற மாதிரி இருக்கும்" என்றார். வரிசையில் நின்று ஒவ்வொருத்தியாக அவள் நெஞ்சில் கை வைத்தோம். நிஜமாகவே உள்ளங்கையில் அந்த உறுமல் தெரிந்தது. "மீனு விக்கிறவ நெஞ்சுல பூன இல்லாம வேற இன்னா இருக்கும்!" என்றாள் அவள். ஹாலே அதிர்ந்தது.

அடுத்த வாரம் அவள் ரவிக்கையை அவிழ்த்தபோது போன வாரக் கோடு அப்படியே இருந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. "குளிக்கறதே இல்லையாக்கா?" என்று கேட்டேன். சிரித்தாள். அன்று வகுப்பு முடிந்து முந்தானையைச் சரிசெய்தபடி, என் காதோடு, "கண்ணு, நீ படிக்கிற பொண்ணு. நா நாலு மாசமா குளிக்கல. புள்ள கீது வயித்துல. கூடை தூக்கினா நெஞ்ச அடைக்குது. தூக்கலாமா வேணாமா? டாக்டரம்மாவக் கேட்டு சொல்லேன்" என்றாள்.

கேட்டேன். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். "நோயாளியைப் பயமுறுத்தக் கூடாது. அதுதான் முதல் பாடம். சொன்னா அடுத்த வாரம் வர மாட்டா. இவ்வளவு தெளிவா கேக்கற நெஞ்சு உங்களுக்கு வேற எங்க கிடைக்கும்?" என்றார். அந்தக் கதவைத் திறக்க அன்று வைத்தியம் இல்லை என்பது உண்மை. ஆனால் கூடையை இறக்கி வைக்க எந்த வைத்தியமும் வேண்டாமே!

வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். "ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தான் அடிச்சுக்குது" என்றேன். "அப்டிச் சொல்லு" என்று போய்விட்டாள்.

ஐந்தாவது வாரம் பரீட்சை மாதிரி. டாக்டரம்மா பென்சிலை என்னிடம் கொடுத்து, இதயத்தின் எல்லையை வரையச் சொன்னார். நாக்கில் நனைத்து, விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, வீங்கிய இதயம் எதுவரை வந்திருக்கிறதோ அதுவரை வரைந்தேன். ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை. எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அவளும் தட்டினாள்.

சனிக்கிழமை காலை, கரையிலிருந்து கூடையோடு ஏறி வந்தவள் சாந்தோம் சாலை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வாயில் சிவப்பாக நுரை. அவ்வளவுதான். மீன் வராததால் விஷயம் தெருவுக்கு வந்தது. நான் ஓடினேன். குடிசைக்குப் பின்னால் ஓலையை மறைத்துக் கட்டி அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனேன். நான் போட்ட கோடு நான் போட்டபடியே இருந்தது. ஒருத்தி துணியால் தேய்க்கப் போனாள். அக்காவின் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேய்க்காதடி. மருந்துக் கோடு அது. தண்ணி பட்டா கொணம் பூடும்னு துணி சுத்திக்கினு குளிப்பா."

என்னைப் பார்த்து, "வாரா வாரம் வைத்தியத்துக்குப் போய்க்கினுதானே இருந்தா? நீயும் கூட இருந்தியாமே. அப்புறம் இன்னாத்துக்கும்மா செத்தா?" என்றாள்.

அதட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் திரும்பி வந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். நரம்பு மண்டலம். நான் போகாமல் நின்றுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். போனேன். சர்டிபிகேட் வாங்கினேன். அதைக் காட்டி நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன், பிறகு முப்பது வருஷம் நர்ஸ் பெண்களுக்கு இதே மண்டலங்களைப் பாடம் எடுத்தேன். இதயத்தைக் கரும்பலகையில்தான் வரைந்தேன். எந்த நோயாளியையும் வகுப்பில் உட்கார வைத்ததில்லை. அதற்காக என்னை நல்லவள் என்று சொன்ன பெண்கள் உண்டு. அவர்களிடம் நான் இதைச் சொன்னதில்லை. டாக்டரம்மா மேல் எனக்கு இன்னமும் கோபம் ஆறவில்லை. ஆனால் வாசலில் காத்திருந்தவளிடம் பொய் சொன்னது டாக்டரம்மா இல்லை.

கோடு போட்ட அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா, "என்னடி நாக்கு இப்படி ஊதாவா கிடக்கு?" என்று கேட்டாள். கண்ணாடியில் நீட்டிப் பார்த்துச் சிரித்தேன். இரண்டு நாள் இருந்தது அந்தக் கறை. குப்பத்துக்கு ஓடிய அன்றும் இருந்தது. இப்போது எழுபது தாண்டிவிட்டது. காலையில் பல் துலக்கும்போது கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்க்கிற பழக்கம் விடவில்லை. ஒன்றும் இருக்காது. அந்தப் பென்சிலை நனைத்த நாக்கு இதுதான். "கூடையை இறக்கி வையக்கா" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?