குவாத்தமாலாவுக்கு நடந்த அநியாயம்

குவாத்தமாலாவுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த அநியாயம் அந்த நாட்டுக்காரர்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்து நான்தான் இத்தனை வருடங்களாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நான் தரம் ஏழு. உலக நாடுகளின் உணவுக் கண்காட்சி என்று ஒன்று வைத்தார்கள். நாடுகளின் பெயரைத் துண்டுகளில் எழுதிக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார்கள். எனக்குக் குவாத்தமாலா வந்தது. வகுப்பே சிரித்தது. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை.

காரணம் இருந்தது. தண்ணீரூற்றுச் சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடைக்கு அம்மாதான் வாய்ப்பன் சுட்டுக் கொடுப்பார். கனிந்த வாழைப்பழத்தை மாவும் சீனியும் போட்டுப் பிசைந்து எண்ணெயில் உருட்டிப் போடும் அதே வாய்ப்பன்தான். காலையில் கூடையைத் துணியால் மூடிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் போவார். அதனால் வகுப்பு வரவு இடாப்பில் மட்டும்தான் எனக்கு என் பெயர். மற்ற இடமெல்லாம் நான் ‘வாய்ப்பன்’. என் தலைமயிரில் எண்ணெய் மணக்கிறதென்று பின் வாங்கில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். யாருமே கேள்விப்படாத ஒரு நாட்டின் பலகாரத்தோடு ஒரு நாள் நின்றுவிட்டால் அந்தப் பெயர் தொலைந்துவிடும் என்று நம்பினேன்.

அண்ணா கைத்தொலைபேசியில் தேடினார். குவாத்தமாலாவில் எதைத் தொட்டாலும் சோளமாவும் எங்களுக்குக் கிடைக்காத மிளகாயுமாக இருந்தது. கடைசியில் ரெயெனிற்றோ என்று ஒன்று அகப்பட்டது. அங்கே தெருவோரங்களில் சுடச்சுட விற்பார்களாம். வாழைப்பழத்தை அவித்து மசித்து, கறுத்த போஞ்சி விதையைச் சீனியும் கறுவாப்பட்டையும் சேர்த்து அரைத்து உள்ளே வைத்து மூடி, பொரித்தெடுக்க வேண்டும். போஞ்சி விதைக்குப் பதிலாக அம்மா கௌப்பிப் பயறு அவித்தார்.

“நீட்டா வரவேணும், அம்மா. படத்தில பாருங்கோ, முட்டை மாதிரி. உருட்டிப் போடாதேங்கோ.”

“ஓம் பிள்ளை, ஓம்” என்றார். முதல் நான்கும் நீளமாகத்தான் வந்தன. பிறகு அம்மாவின் கை தன்பாட்டில் உருட்டத் தொடங்கியது. நான் குசினியில் நின்று கத்தினேன், அழுதேன். கௌப்பி முடிந்துவிட்டது. ஒன்றும் செய்ய முடியவில்லை.

கண்காட்சிக்குத் தட்டத்தைத் தூக்கி வந்தவரும் அம்மாதான். மேசையில் வைத்துவிட்டு வாசலோரம் ஒதுங்கி நின்றார். நடுவராகக் கல்வி அலுவலகத்து ஐயா ஒருவர் வந்திருந்தார். உருண்டையாக இருந்த ஒன்றையே பார்த்து எடுத்துக் கடித்தார்.

“உது வாய்ப்பனெல்லோ, பிள்ளை!”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இல்லை சேர், ரெயெனிற்றோ! உள்ளுக்குப் பாருங்கோ” என்று, எழுதி வைத்திருந்த தாளை முதலிலிருந்து வாசித்தேன். அவர் ஒரு சொல்லைக்கூடக் காதில் வாங்கவில்லை. தின்றுகொண்டே இருந்தார். மூன்றாவதை முடித்துவிட்டு வாசற்பக்கம் திரும்பினார்.

“நீங்களோ சுட்டது, அம்மா? நல்ல வாய்ப்பன். சுட்டுப் பழகின கை.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

“எங்கட அம்மா வாய்ப்பன் சுடுறேல்லை!”

அது பொய்யென்று அங்கே நின்ற அத்தனை பிள்ளைகளுக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தார். எண்ணெய் தெறித்த தழும்புகள் இருந்த கைகளைச் சேலைத் தலைப்புக்குள் எடுத்துக்கொண்டார்.

“ஓம் சேர். நான் வாய்ப்பன் சுடுறேல்லை” என்றார். “இது வேற நாட்டுச் சாப்பாடு. பிள்ளைதான் சொல்லித் தந்தவ.”

முதற்பரிசு இத்தாலிக்குப் போனது. பேக்கரியில் வாங்கிய பீட்சா! அது வந்த பெட்டி மேசைக்குக் கீழே கிடந்ததை என் கண்ணால் கண்டேன். நடுவர் என்ற பெயரில் வந்து, மூன்றை முழுசாகத் தின்றுவிட்டு, கடைச் சாமானுக்குப் பரிசு கொடுத்த அந்த மனிதரை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறாது. வீடுவரை அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். அம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

“விடு பிள்ளை” என்றார் ஒரு தடவை. “அந்த ஐயா ரசிச்சுச் சாப்பிட்டவர்.”

அதற்கும் அம்மாவோடு சண்டை பிடித்தேன். ஆனாலும் எல்லோருக்கும் முன்னால் என் சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்பதில் உள்ளுக்குள் ஒரே பெருமை எனக்கு.

அடுத்த நாளும் அம்மா வாய்ப்பன் சுட்டார். கூடையைச் சைக்கிளில் கட்டினார். பள்ளிக்கூட வாசலால் மட்டும் போகவில்லை. குளக்கட்டில் ஏறி, வயல்வெளியைச் சுற்றிச் சந்திக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு விலகும்வரை அந்த வழியால்தான் போனார். மாரியில் சேறு முழங்கால் வரை ஏறும் பாதை அது. அம்மாவுக்குக் குளத்துக் காற்றுப் பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.