வெர்னா வெல்டிங் மெஷின் வாங்கிய வாரம்

வெர்னா ஹூடாக்கின் பச்சை பிக்அப் வண்டியை பெக்கர்ஸ் ரன் ஊரில் அறியாதவர் இல்லை. எதிரே வரும்போது கம்பீரமாக இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். கீழே குனிந்து யாரும் பார்த்ததில்லை, வெர்னா உட்பட. பனியை உருக்கப் பனிக்காலம் முழுக்கச் சாலையில் கொட்டுகிற உப்பு இரும்பை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் காலடியில் தடிமனான ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை, வருடாந்திரச் சோதனை செய்கிற எர்வின் புரூபேக்கர் அந்த விரிப்பை எடுத்துவிட்டார். பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து, பயணி கால் வைக்கிற இடத்தில் இருந்த ஓட்டை வழியாகக் கையை மேலே நீட்டி ஆட்டினார்.

"வெர்னா, என் கை தெரியுதா?"

"தெரியுது. மோதிரம் அழகா இருக்கு."

"ஸ்டிக்கர் கிடையாது. அது இல்லாம ரோட்டுல ஓட்டக் கூடாது."

"விரிப்பப் போட்டு மூடிட்டா?"

"அத எடுத்ததாலதான கை வந்துச்சு. இரும்புத் தகடு வச்சு, சுத்தி வெல்டிங் போட்டு ஒட்டிட்டு வா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கடைலதான் இருப்பேன்."

மற்ற வருஷமாக இருந்தால் வெர்னா இதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிறவள். ஆனால் அடுத்த சனிக்கிழமை அக்கா மார்ஷாவின் மகள் டெஸ்ஸாவுக்குக் கல்யாணம். அந்தப் பெண் கியர் போடக் கற்றது இந்த வண்டியில்தான். சர்ச்சிலிருந்து விருந்து நடக்கும் தீயணைப்பு நிலைய மண்டபத்துக்கு, "வெர்னா ஆன்ட்டி வண்டியிலதான் வருவேன், இல்லாட்டி நடந்தே வருவேன்" என்று சொல்லியிருந்தாள். பிள்ளை குட்டி இல்லாத வெர்னாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து கால் தரையில் பாவவில்லை. மார்ஷாவுக்கோ அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை. சோதனைச் செய்தி அவள் காதுக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"விட்டுச்சு சனியன்" என்றாள் போனில். "வெள்ளைக் கார் ஒண்ணுக்குச் சொல்லிடறேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு."

"எதுக்கு? அதுக்குள்ள தரை முளைக்குமா?"

ஊரில் வண்டிக்கு வெல்டிங் வைக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் மான் இடித்து நசுங்கிய வண்டிகளுக்கு நடுவே தலையே தெரியாமல் கிடந்தார். இன்னொருவர் மீன் பிடிக்கப் போயிருந்தார், எப்போது வருவார் என்று மீனுக்கே தெரியாது. அப்போது ஆபத்பாந்தவனாக வந்து நின்றவர் மார்ஷாவின் கணவர் ஸ்டாஷ். மனைவிக்குத் தெரியாமல்தான் வந்தார். மாட்டுக் கொட்டிலில் கிடந்த, கம்பி செருகி ஒட்டுகிற பழைய வெல்டிங் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்தார்.

"வெர்னா, இது பாலத்தையே ஒட்டும்."

பாலத்தை ஒட்டும், சத்தியம். வண்டித் தரை பாலம் இல்லையே. ஸ்டாஷ் கம்பியை வைத்தார், பளீரென்றது, ஆரஞ்சுப் பழம் நுழைகிற ஓட்டை பூசணிக்காய் நுழைகிற ஓட்டையாயிற்று. ஓரத்தைச் சரி செய்கிறேன் என்று இன்னொரு தடவை வைத்தார். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் ஓர் ஆப்பிளும் நுழையலாம் என்றானது.

"தகடு மெல்லிசு" என்றார் ஸ்டாஷ், தகடு ஏதோ துரோகம் செய்துவிட்டது போல.

"போயிட்டு வாங்க ஸ்டாஷ். மாடு தேடும்."

திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் வெர்னா நேரே பக்கத்து ஊரில் வெல்டிங் மெஷின் விற்கிற கடைக்குப் போனாள், ஸ்டிக்கர் இல்லாத வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநரை நைச்சியம் பண்ணி. கைப்பையில் வண்டித் தரையிலிருந்து அறுத்த துருப்பிடித்த துண்டு ஒன்று. கடையில் இருந்த இளம்பெண் மூன்று மெஷின்களைக் காட்டினாள். முதலாவது ஸ்டாஷின் பெட்டிக்குப் பேரன் மாதிரி இருந்தது. வெர்னா அதன் பக்கமே திரும்பவில்லை. இரண்டாவது கையடக்கமானது, விலையும் கையடக்கம். அதற்கு கேஸ் சிலிண்டர் வேண்டாம், கம்பிக்குள்ளேயே மருந்து இருக்கிறது. மூன்றாவது மெல்லிய கம்பியைத் தானே தள்ளிக் கொடுப்பது, கூடவே ஒரு சிலிண்டர்.

"ஒட்டிக் காட்டு" என்றாள் வெர்னா.

"இங்க யாரும் அப்படிக் கேக்கறதில்லையே மேடம்."

"நான் மிக்சி வாங்குறப்பவே மாவு கொண்டு போனவ."

கைப்பையிலிருந்து துண்டு வெளியே வந்தது. இரண்டாவது மெஷின் படபடவென்று பொரிந்து, தகட்டைச் சுற்றி மிளகு தூவினாற்போல் துளித்துளியாய் இறைத்து, ஓரத்தைக் கொஞ்சம் தின்றும்விட்டது. மூன்றாவது சொய்ங் என்று ஒரே சீராக முனகியது. ஒரு பொட்டு வைத்தாள் அந்தப் பெண். பொட்டு பொட்டாகவே நின்றது. வாணலியில் வெண்ணெய் சரியான சூட்டில் இருக்கும்போது வருகிற சத்தம் அது. வெர்னாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இதுலயே பெருசு ஒண்ணு இருக்கு, ஆனா அதுக்குப் பெரிய பிளக் வேணும், இருநூத்தி இருபது வோல்ட்" என்றாள் பெண். "வீட்டுல அந்தப் பிளக் எங்க இருக்கு?"

"கரண்ட் அடுப்புக்குப் பின்னாடி ஒண்ணே ஒண்ணு."

"அப்ப அடுப்பு எரியும், இல்ல மெஷின் எரியும். ரெண்டும் சேர்ந்து நடக்காது."

அடுப்பை அணைப்பதா, கல்யாண வாரத்திலா? எங்கள் பக்கம் கல்யாணத்தில் கேக் இல்லாவிட்டாலும் மன்னிப்பார்கள், வீட்டில் சுட்ட பிஸ்கட் அடுக்குகிற குக்கி மேசை குறைந்தால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். சொந்தபந்தம் எல்லாம் வாரக்கணக்கில் சுட்டு அடுக்க வேண்டும். வெர்னாவின் பங்கு மட்டும் நாற்பது டஜன். சுட்டதை அடுக்க உறவுக்காரர்களின் தட்டுகளெல்லாம் அவள் வீட்டில்தான் குவிந்திருந்தன. விருந்து முடிந்து யார் தட்டு யாருக்கென்று சண்டை வரக் கூடாதென்று, தட்டின் அடிப்பக்கம் நகப்பூச்சால் பெயர் எழுதி வைப்பது வழக்கம்.

"சாதாரணப் பிளக்குல ஓடுற இந்த மூணாவதே குடு" என்றாள் வெர்னா. தகட்டுக்குத் தேவையானது பலம் இல்லை, பக்குவம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த வாரம் வெர்னா வாழ்ந்த வாழ்க்கையை ராணிகூட வாழ்ந்திருக்க மாட்டாள். சமையலறையில் குக்கி பதினைந்து நிமிஷம் வேகும். அந்தப் பதினைந்து நிமிஷம் கொட்டகையில் முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு பழைய தகரத்தில் பொட்டு வைத்துப் பழகுவாள். மணி அடித்ததும் ஓடி வந்து தட்டை வெளியே எடுப்பாள். ஒருநாள் முகமூடியோடே வந்து அடுப்பைத் திறந்து, கறுப்புக் கண்ணாடி வழியே எல்லாம் கறுப்பாகத் தெரிய, "ஐயோ கருகிடுச்சு" என்று அலறினாள். ஒரே இடத்தில் இழுத்து ஒட்டினால் தகடு சூடேறி ஓட்டையாகும். இங்கே ஒரு பொட்டு, அந்தக் கோடியில் ஒரு பொட்டு, நடுவில் ஆற விட வேண்டும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிற மாதிரிதான், ஒரே மேசையிலேயே நின்றால் மற்ற மேசை கத்தும்.

வியாழக்கிழமை தைரியம் வந்தது, தகடு இல்லை. மெஷின் வாங்கிய கடையிலேயே தகடும் வாங்கியிருக்கலாம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கண்ணோ தட்டுக் குவியலில் விழுந்தது. காந்தத்தை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். அலுமினியம், அலுமினியம், அலுமினியம். அடியில் ஒன்று மட்டும் கறுத்துப்போன இரும்பு, காந்தம் டொக்கென்று ஒட்டியது. தன்னுடைய பழைய தட்டுதான் என்று முடிவு கட்டினாள். மேல்பக்கம் கோடு போட்டு, அறுத்து, ஓரத்தைத் தேய்த்து, மேல்பக்கம் மேலேயே இருக்க வைத்து ஒட்டினாள். திருப்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை எர்வின் விளக்கோடு வண்டிக்கு அடியில் போனார். சுத்தியால் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. அப்புறம் சத்தமே இல்லை.

"வெர்னா, இது உன் வண்டியா, மார்ஷா வண்டியா?"

"என்ன கேள்வி இது?"

"கீழ வந்து பாரேன்."

மல்லாந்து படுத்துப் பார்த்தாள். புதுத் தரையின் நடுவில், சூடு தொடாத இடத்தில், சிவப்பு நகப்பூச்சில் கொட்டை எழுத்து: மார்ஷா. கீழே சின்னதாக, 'திருப்பித் தரவும்.'

"ஒட்டு அருமை, ஒரு இடம்கூட விடல" என்றார் எர்வின். "ஸ்டிக்கர் தர்றேன். உன் உசுருக்கு உத்தரவாதம் தர முடியாது, அது நீயும் உன் அக்காவும் பேசிக்கிற விஷயம்."

மறுநாள் டெஸ்ஸா சர்ச் வாசலில் கவுனைச் சுருட்டிப் பிடித்து வண்டியில் ஏறினாள். வெள்ளைச் செருப்பால் தரையை மெதுவாக அமுக்கிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது நீங்களே பண்ணீங்களா?"

"முழுசும். பயப்படாம மிதி."

டெஸ்ஸா இரண்டு காலாலும் தாளம் போட்டாள். வெர்னா வழியெல்லாம் ஹாரன் அடித்தாள், ஊரே கை காட்டியது, மண்டபம் வரும்வரை இருவரும் பைத்தியம் பிடித்தவர்கள் போலச் சிரித்தார்கள். வெர்னா கொஞ்சம் அழவும் செய்தாள், அதை ஹாரன் மறைத்தது.

பொழுது சாய்ந்து மேசை காலியானதும் மார்ஷா வந்து நின்றாள், கையில் மூன்று தட்டு.

"நாலு குடுத்தேன்."

"நாலாவது பத்திரமா இருக்கு மார்ஷா. இன்னிக்கு உன் மக அது மேல கால் வச்சுட்டுதான் வந்தா."

மார்ஷாவுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் விறுவிறுவென்று வெளியே போனாள். பட்டுக் கவுனோடு சரளைக்கல்லில் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தை அடித்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். தன் பெயரை வாசித்தாள். சுற்றி வந்த பொட்டுகளை விரலால் தடவினாள்.

மார்ஷா எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, பயணிப் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். மூன்று தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, குதிகாலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். அது அசையவில்லை.

"என்ன பாக்குற? வண்டிய எடு."

"எங்க போகணும்?"

"வீட்டுக்குத்தான். மூணு தட்ட நான் எடுத்துக்கிட்டேன். நாலாவது தானா வருது."