தானே திருத்திய முதலெழுத்து

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் கடை. போட்டோ கொப்பி, டைப்பிங், பாஸ்போர்ட் படம், வெளிநாட்டுப் பார்சல். இப்படியான கடைக்குக் கொழும்பில் கொமியூனிகேஷன் என்று பேர். நான் அங்கே டைப் அடிப்பவன். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் எட்டாம் வகுப்போடு நின்றவன். குடியிருப்பது கொட்டாஞ்சேனையில். எழுதிப் பழக்கமில்லை. மற்றவர்கள் எழுதியதை அடித்துத்தான் பழக்கம்.

கடையின் கொம்பியூட்டர்களில் இருந்ததெல்லாம் திருட்டுப் புரோகிராம்கள். புறக்கோட்டையில் டிஸ்க்கில் விற்றார்கள். வாங்கினோம், போட்டோம். அதைத் திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. அப்படி ஒரு டிஸ்க்கில் வைரஸ் வந்து கடையின் ஃபைல்களைத் தின்றது. கலியாணக் கார்ட், பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு, எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகுதான் சும்மா கிடைக்கும் புரோகிராம்களைத் தேடிப் போனேன். செய்தவர்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியே வைத்தவை அவை. உள்ளே எப்படிச் செய்தார்கள் என்பதையும் திறந்து வைத்திருக்கிறார்களாம். திறந்திருந்தாலும் எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஒளிக்கவில்லை என்பதே எனக்குப் போதும்.

கடிதம் எழுத ஒன்று. பீடிஎஃப் வெட்டி ஒட்ட ஒன்று. ஃபோனில் இருக்கும் படங்களை வயர் இல்லாமல் கொம்பியூட்டருக்கு எடுக்க ஒன்று. பாஸ்வேர்ட்களைப் பூட்டி வைக்க ஒன்று. பேர்களை இங்கே எழுதவில்லை. எழுதினால் பிழையைப் பேரின் மேல் போடுவார்கள்.

வருகிறவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். பென்ஷன் எடுத்த ஐயா ஒருவர் கேட்டார்:

"சும்மா தாறானோ? ஏன் தாறான்? என்னத்தைப் பிடுங்கப் போறான்?"

"ஒண்ணும் பிடுங்க மாட்டாங்க ஐயா."

"அப்ப அது வேலை செய்யாது."

எங்கள் முதலாளி மாளிகாவத்தைக்காரர். கல்லாவில் இருந்தபடியே சிரித்தார். "பள்ளியில சும்மா குடுக்கிற கந்தூரிச் சோறு எண்டு சொல்லு. ஆக்கினவனுக்கு நன்மை. திண்டவனுக்கு வயிறு நிறையும். ஆனா மனிசன் கடைச் சோத்தத்தான் நம்புவான்."

நம்பியது ஒரே ஒருவர். ஹெவ்லொக் டவுனில் இருந்து வரும் ஓர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கந்தோரில் தமிழ் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணம் செய்யவில்லை. வயதான அப்பாவோடு ஒரு ஃபிளாட்டில் இருந்தார். ஒரே தம்பி கனடாவில். பழைய லப்டொப் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"தம்பி, இதுக்கு ஏதும் போட்டுத் தாரும். கள்ளச் சாமான் எனக்கு வேண்டாம்."

எழுதும் புரோகிராமைப் போட்டுக் கொடுத்தேன். பாமினியும் போட்டேன். பாமினி என்பது நாங்கள் பழகிய தமிழ் எழுத்து. இங்கிலீஷ் கீபோர்ட் கட்டையிலேயே அடிப்பது. சின்ன எழுத்தை அடித்தால் ஒரு தமிழ் எழுத்து, பெரிய எழுத்தை அடித்தால் வேறொன்று. கொம்பியூட்டருக்கு அது தமிழ் என்று தெரியாது. அது இங்கிலீஷ் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். இப்போது யூனிகோட் வந்துவிட்டது. ஆனால் அந்த அக்காவின் விரல்கள் கந்தோரில் பழகியவை. மாற மாட்டா. என் விரல்களும் அப்படித்தான்.

அக்காவுக்குப் புரோகிராம் பிடித்தது. "நல்ல சாமான் தம்பி. சத்தம் போடாமல் வேலை செய்யுது." இரண்டு சிநேகிதிகளுக்கும் சொன்னார். அவர்கள் வரவில்லை.

பிறகு அவருடைய அப்பா செத்துப்போனார்.

தம்பி வரவில்லை. வர ஏலாது. அங்கே அவருடைய அகதி வழக்கு முடியவில்லை. நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்பப் போக முடியாது. கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். தம்பி எல்லாவற்றையும் ஃபோனில் பார்த்தார். ஃபோனைப் பிடித்தவன் அழுதுகொண்டு பிடித்ததால் படம் ஆடியது என்று அக்கா சொன்னார்.

செத்த வீட்டில் சனம் கதைத்தது. மற்றவனெல்லாம் வருகிறான், இவனுக்கு மட்டும் என்ன வழக்கு என்று. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிப்பார்கள். முன்னுக்குச் செத்தவரின் படம். உள்ளே தேவாரம், வம்ச வரலாறு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எழுதுவது. சாப்பாடு முடிந்து போகும்போது எல்லாருக்கும் ஒன்று கொடுப்பார்கள். வெளிநாட்டுக்குத் தபாலில் போகும். அந்த மலரில் மகள் எழுதும் பக்கத்தை அக்கா வீட்டிலேயே அடித்துக் கொண்டுவந்தார். அதில் தம்பிக்காக இரண்டு வரி எழுதியிருந்தார்.

"சனத்தின்ர வாயை நான் கதைச்சு மூடேலாது தம்பி. எழுத்தில இருந்தா மூடும்."

பிரிண்ட் எடுத்துப் பார்த்தோம். பிழைகள் இருந்தன. 'அப்பா' சில இடத்தில் 'ஆப்பா' என்று நின்றது. 'மறைந்த' ஓரிடத்தில் 'முறைந்த' என்று நின்றது.

"என்ர கை நடுங்குது போல," என்றார் அக்கா. "செத்த வீட்டுக் கை."

எனக்கும் அப்படித்தான் பட்டது. விரல் தவறிப் பெரிய எழுத்துக் கட்டையில் பட்டிருக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் திருத்தினேன். அக்கா இரண்டு தரம் வாசித்தார். நானும் வாசித்தேன். அச்சுக்குப் போனது. முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று தந்தார். கனடாவுக்கும் போனது.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலை, கடை திறந்த கையோடு அக்கா வந்தார். கதிரையில் இருக்கவில்லை. ஃபோனை நீட்டினார். தம்பி அனுப்பிய படம். மலரின் பக்கம். ஒரு வரிக்குக் கீழே சிவப்பில் கோடு.

'ஏன் தம்பி வரவில்லை. அவன் மனம் இங்கேதான் நின்றது.'

அதற்குக் கீழே தம்பி எழுதியிருந்தார்: 'சபையில வச்சுக் கேட்டிட்டாய் அக்கா.'

"நான் 'என் தம்பி' எண்டுதான் அடிச்சனான்," என்றார் அக்கா. "என் தம்பி வரவில்லை. அதுதான் நான் எழுதினது. என்ர கை அப்படி அடிக்காது."

முதலாளி மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "கேள்விக்குறி இல்லயே? கேள்வி எண்டா குறி ஈக்கணுமே?"

"தமிழில 'ஏன்' எண்டா காணும்," என்றார் அக்கா. "குறி ஆருக்கு வேணும்?"

லப்டொப்பைக் கொண்டுவந்திருந்தார். திறந்தேன். புதுப் பக்கம் எடுத்தேன். 'என்' என்று அடித்தேன். சரியாக நின்றது. இடைவெளிக் கட்டையைத் தட்டினேன். என் கண்ணுக்கு முன்னாலேயே அது 'ஏன்' ஆனது.

விளங்கியது. இங்கிலீஷில் வசனத்தின் முதலெழுத்துப் பெரிதாக வரவேண்டும். நாங்கள் மறந்தால் புரோகிராம் தானே திருத்தும். நாங்கள் அடிப்பது தமிழ் என்று அதற்குத் தெரியாது. சின்ன வி என்றால் எ. பெரிய வி என்றால் ஏ. கடையில் தமிழ் டைப்பிங்குக்கு முதலாளி பழைய திருட்டுப் புரோகிராமையே வைத்திருந்தார். அதிலும் இந்தத் திருத்தம் இருந்தது. தமிழ் டைப் செய்யும் எல்லாக் கடையிலும் அதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவன் யார் என்றுகூட யாருக்கும் நினைவில்லை. ஆகையால் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு நினைவுக்கு வரவில்லை. புதுப் புரோகிராமில் அது உயிரோடு இருந்தது.

மற்றப் பிழைகள் சொல்லாகாமல் நின்றதால் அகப்பட்டன. இது நல்ல தமிழாக நின்றது. தப்பிவிட்டது.

அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னொருக்கா அடியும்," என்றார். அடித்தேன். "தம்பியைக் கூப்பிடுறன். இதை அவனுக்குக் காட்டும்."

அங்கே இரவு. தம்பி வேலை முடிந்து காருக்குள் இருந்தார். முகத்தில் பாதிதான் தெரிந்தது. அக்கா ஃபோனை என்னிடம் தந்தார்.

"அண்ணே, நான் டைப் அடிக்கிற ஆள். ஒரு நிமிசம் ஸ்க்ரீனைப் பாருங்க."

"கொம்பியூட்டர் பிழை எண்டு சொல்லப் போறீங்கள்," என்றார். "எல்லாருக்கும் இப்ப அதுதானே."

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்க பாருங்க."

ஒரு கையால் ஃபோனைப் பிடித்து, மற்றக் கையால் அடித்தேன். என். இடைவெளி. ஏன். அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன். என். இடைவெளி. ஏன்.

"அந்த செட்டிங்கை எடுத்திட்டு அடியுங்கோ," என்றார்.

எடுத்துவிட்டு அடித்தேன். 'என்' அப்படியே நின்றது.

பிறகு, "அண்ணை, அக்காவைக் கூப்பிடுங்கோ," என்றார்.

அக்கா ஃபோனை வாங்கினார். "கண்டியே? நான் உன்னைக் கேக்கேல்லையடா. நான் உனக்காகத்தான் எழுதினனான்."

"விளங்குது அக்கா. உன்னில பிழையில்லை. அந்தாளிலயும் இல்லை."

"அப்ப ஏன்ரா இப்பிடி இருக்கிறாய்?"

"அதை வாசிச்ச நாளில இருந்து உனக்குப் பதில் எழுதி எழுதி அழிச்சனான். கேஸ் எண்டு எழுதினன். வேலை எண்டு எழுதினன். எல்லாம் உண்மைதான். ஆனா அந்தப் பதில் எனக்கே காணேல்லை அக்கா. கேஸை விட்டிட்டு வந்திருக்கலாம். வந்து அங்கேயே இருந்திருக்கலாம். நான் வரேல்லை."

"அப்பா அப்பிடிக் கேட்டிருக்க மாட்டார்."

"அப்பா கேக்க மாட்டார். அதுதான் நானே என்னைக் கேக்கிறன்."

கடையில் போட்டோ கொப்பி எடுக்க ஆட்கள் நின்றார்கள். முதலாளி அவர்களை மெதுவாக வெளியே அனுப்பினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"மிச்ச மலர் வீட்டில கிடக்கு," என்றார் அக்கா. "பிழை திருத்தம் அடிச்சு எல்லாத்திலயும் ஒட்டுறன். குடுத்த வீடுகளுக்கும் நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். 'ஏன்' எண்டதை 'என்' எண்டு வாசிக்கவும் எண்டு."

"ஒட்டாதை."

"ஏன்?"

"ஒட்டினா இன்னும் வாசிப்பினம். விடு. அது நிக்கட்டும்."

லைன் அறுந்ததா, அவர் வைத்தாரா தெரியாது. அக்கா ஃபோனைக் கைப்பைக்குள் போட்டார். லப்டொப்பை மூடினார். மூடும்போது தடவிக் கொடுத்ததுபோல இருந்தது.

"புரோகிராமை எடுத்துடவா அக்கா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? அது படிச்ச பாஷையில அது சரியாத்தானே செய்தது."

நான் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் புரோகிராம் செய்கிறவர்களுக்கு யாரும் எழுதலாம். அதற்கென்று ஓரிடம் வைத்திருக்கிறார்கள். பிழை கண்டால் சொல்லலாம், அவர்கள் கேட்பார்கள். நல்ல பழக்கம். இங்கிலீஷ் கட்டையில் தமிழ் அடிக்கும் ஒரு சனம் இருக்கிறது, அவர்களுடைய முதலெழுத்தைத் தொடாதீர்கள் என்று எழுத நினைத்தேன். இங்கிலீஷில்தான் எழுதவேண்டும். உட்கார்ந்தேன். இரண்டு வசனம் வந்தது. அதில் அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை. அனுப்பவில்லை.

இப்போதும் ஆட்களுக்குச் சும்மா கிடைக்கும் புரோகிராம்களைச் சொல்கிறேன். நல்லவைதான். ஆனால் முந்திச் சொன்ன வேகம் இல்லை. முதலாளியும் இப்போது கந்தூரிச் சோற்றுக் கதை சொல்வதில்லை.

வருடம் திரும்பியபோது அக்கா வந்தார். திவசத்துக்கு ஒரு சின்ன நோட்டீஸ். தானே அடிக்கவில்லை. கையால் எழுதிக் கொண்டுவந்தார். அப்பாவின் பேர், நாள், இடம், நேரம், மதிய போசனம். கடைசியில் 'குடும்பத்தினர்' என்று ஒரு சொல். தம்பியைப் பற்றி ஒன்றுமில்லை. அடித்துக் கொடுத்தேன். அக்கா ஒருதரம் வாசித்தார்.

"தம்பி கதைக்கிறாரா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"ஓம், ஞாயிற்றுக்கிழமையில எடுப்பான். அங்க ஸ்நோ எண்டுவான். இங்க மழை எண்டுவன். முழங்கால் நோ எப்பிடி எண்டு கேப்பான்."

"அப்பாவைப் பத்தி?"

அக்கா நோட்டீஸை மடித்தார். மடிப்பு நேராக வரவில்லை. பிரித்துத் திரும்ப மடித்தார்.

"அது நாங்கள் கதைக்கிறேல்லை," என்றார்.