தூங்கியவர்களிடம் கேட்காத கேள்வி

உத்தனப்பள்ளி சாலையில் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். பக்கத்து வீட்டில் மிக்ஸிகூட ஓடாது. அங்கே சர்வே எடுத்துத் திரிந்த எனக்கும் அது பழகிப்போனது.

வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள அரசு அங்கே ஒரு காப்பகம் திறந்திருந்தது. அதனால் யாருக்கு என்ன பயன் என்று வீடு வீடாகக் கேட்டு டேப்லெட்டில் ஏற்றுவது என் வேலை. பயன் தெரிந்தால் காப்பகம் தொடரும், தெரியாவிட்டால் மூடுவார்கள். வீட்டில் எருமை எத்தனை என்றுகூட அதில் ஒரு கேள்வி. ஒற்றை அறை லைன் வீட்டில் எருமையை எங்கே கட்டுவார்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "ஃபார்ம்ல இருக்கறத மட்டும் கேளுங்க மேடம்" என்றார். தாய்க்கு எந்த ஷிப்ட் என்ற கேள்வி ஃபார்மில் இல்லை.

கடைசி வீட்டுக்குப் போனபோது மணி பதினொன்று. கதவைத் தட்டாமல் மெதுவாகக் குரல் கொடுத்தேன். வார லீவில் இருந்த கணவர் கதவைப் பாதி திறந்து, "அவ நைட் ஷிப்டுங்க, தூங்குறா. என்கிட்ட கேளுங்க" என்றார். மதுரைப் பக்கத்துக்காரர். வீட்டில் எந்தப் பெரியவர் பதில் சொன்னாலும் செல்லும் என்பது விதி.

"குழந்தைய காப்பகத்துக்கு அனுப்புறீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அதெல்லாம் எதுக்கு மேடம்? நாங்க பெத்த பிள்ளைய நாங்க பாத்துக்க மாட்டமா?"

அப்போது அவருடைய பெண் குழந்தை காப்பகத்தில்தான் இருந்தது. எனக்கு அது தெரியாது. 'இல்லை' என்பதைத் தொட்டுவிட்டுக் கிளம்பினேன். அந்த வரிசை முழுக்க இதே கதை. உள்ளே தாய் தூங்க, வாசலில் யாரோ ஒருவர் குடும்ப மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

காப்பகத்து வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர்கள் ஒழுங்காக இருந்தன. மேற்பார்வையாளர் என்ன சொன்னார் தெரியுமா? "வீட்ல யாரும் அனுப்பலங்கறாங்க. அப்ப ரிஜிஸ்டர் பொய்யிங்க." இன்னொரு முறை, ஷிப்ட் பார்த்துப் போய்க் கேட்கலாம் என்று கெஞ்சினேன். அறிக்கை போய்ச் சேர வேண்டும் என்று தட்டிக்கழித்துவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

காப்பகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பொய்க் கணக்கு எழுதியவள் என்று அனுப்பிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து வேறொரு சர்வேக்காக அதே லைனுக்குப் போனேன். அதே கடைசி வீடு, அதே பதினொரு மணி. இந்த முறை கதவைத் தட்டினேன். அந்தப் பெண்ணே திறந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. அவள் மணிக்கட்டில் ஒரு துப்பட்டாவின் முனை, மறுமுனை குழந்தையின் இடுப்பில்.

"அசந்துட்டா ரோட்டுக்கு ஓடிருது மேடம். அதான் கட்டிப் போட்டுப் படுக்குறேன்."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கோபப்படக்கூட இல்லை.

"அன்னைக்கும் இப்படித் தட்டிருக்கலாம்ல மேடம்? நான் முழிச்சுத்தான் கெடந்தேன்."