பன்னிரண்டு முதல் மூன்று வரை

பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை யாரும் வெளியே வர வேண்டாம். இதை ஊருக்குச் சொல்வதற்காக அந்த மூன்று மணி நேரமும் வெளியே சுற்றிக்கொண்டிருந்தவன் நான்.

என் தொழில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்வது. அரியலூர், செந்துறை, குன்னம் பக்கமெல்லாம் ஜவுளிக்கடைத் திறப்பு, கோயில் தேர், காணாமல் போன மாடு, பெரிய வீட்டுச் சாவு என்று முப்பது வருடமாக எல்லாவற்றையும் என் தொண்டைதான் சொல்லி வந்திருக்கிறது. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் அதே தொண்டைதான். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. இப்போது அந்த வேலையும் சுருங்கிவிட்டது. ஒரு தடவை பேசிப் பென் டிரைவில் ஏற்றிவிட்டால் போதும், அது பாட்டுக்குத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருக்கும். வண்டியை ஓட்டுவது மட்டும்தான் என் வேலை.

சென்ற கோடையில் கத்திரி பிறப்பதற்கு முன்பே வெயில் மண்டையைப் பிளந்தது. கலெக்டர் ஆபீஸில் ஒரு தாளைக் கொடுத்து, இதைப் படித்து ஊர் ஊராகப் போடுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து பதிவு செய்தேன். கூடத்தில் ஃபேனை நிறுத்தினால் உட்கார முடியாது, ஓடவிட்டால் அதன் சத்தமும் பதிவாகிவிடும். சமையலறையில் ஃபேனே கிடையாது. நான் முடிக்கிற நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது. அதுவும் பதிவாகிவிட்டது. மறுபடி பேசச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டேன். அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் டீக்கடைக்காரர்கள், "மைக்செட்காரரே, சோறு வெந்துடுச்சுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் முறைப்பேன். ஆனால் உள்ளுக்குள் அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது. பல நாட்களில் என்னைப் பார்த்து ஒருவர் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

மனைவி தவறிப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அரியலூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே இருக்கும் வீட்டுக்காரர்கள் பள்ளி லீவுக்குக் கும்பகோணம் போயிருந்தார்கள். அந்தத் தாளின் கடைசி வரி, "தனியாக வசிப்பவர்களை அக்கம்பக்கத்தினர் தினமும் ஒரு முறையாவது எட்டிப் பார்க்கவும்" என்பது. எத்தனையோ சாவுச் செய்தியை நாக்குத் தடுக்காமல் படித்தவன், இந்த வரியில் இரண்டு தடவை தடுக்கினேன். நான் விழுந்து கிடந்தால் எட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று அந்த நேரத்தில் போய் ஒரு நினைப்பு வந்தது. பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் அந்தப் பயமே வந்திருக்காது.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதற்கு என்னைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள் என்று தெருத் தெருவாக என் குரல் சொல்கிறது. நான் மட்டும் குடிப்பதில்லை. நேரடியாக மைக்கில் பேசிய காலத்தில், வேலை முடிகிற வரை வெறும் தண்ணீர் தொண்டைக்குள் போகக் கூடாது, கட்டிக்கொள்ளும் என்று ஒரு பழக்கம் வைத்திருந்தேன். சூடான டீ மட்டும்தான். இப்போது பேசுவது பென் டிரைவ், பட்டினி கிடப்பது என் தொண்டை. இந்தக் கூத்து எனக்கே உறைக்கவில்லை. மனைவி இருந்தபோது வண்டியில் ஒரு பாட்டிலை வைத்து, "காலியா வரணும்" என்பாள். நான் அதை வழியில் கொட்டிவிட்டுக் காலியாகக் கொண்டுவருவேன். இப்போது அப்படி ஏமாற்றக்கூட ஆள் இல்லை.

அன்று செந்துறைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதி மூக்கெல்லாம் அடைத்திருந்தது. ஊருக்குள் நுழைந்தால் ஈ காக்கா இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. நாய்கூடச் சாக்கடைக்குள் இறங்கிப் படுத்திருந்தது. அறிவிப்பை அந்த ஊர் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருக்கிறது என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். பிறகு தலை வலித்தது. வியர்வை நின்றுபோயிருந்தது. அது நல்லதல்ல என்று அந்தத் தாளிலேயே இருந்தது, நான்தான் படித்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தி ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்தது வரை நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை, இரண்டு நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது, அது நின்ற வாசலுக்குரிய வீட்டுப் பெண் சொன்னாள். நான் மயங்கிவிட்டேன், வண்டி மேலே கட்டிய மைக் குழாய் மயங்கவில்லை. பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளியே வராதீர்கள் என்று அவர்கள் வாசலிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தது. வராதே என்றதால் யாரும் வரவில்லை. ஏழெட்டு விசில் ஆன பிறகு, அப்போதுதான் தூங்க வைத்த கைக்குழந்தை வீரிட்டு எழுந்துவிட, இவள் கதவைத் திறந்துகொண்டு சண்டைக்கு வந்திருக்கிறாள்.

"யோவ், ஒரே எடத்துல நின்னுக்கிட்டு உசுர வாங்குறியே, எடுத்துக்கிட்டுப் போய்யா!"

தோளைத் தட்டியதும் சரிந்திருக்கிறேன். தொட்ட கை கொதித்ததாம். அவள் போட்ட சத்தத்தில் புருஷன் ஓடி வந்து, இரண்டு பேருமாக என்னைப் புங்கமரத்து நிழலில் கிடத்தினார்கள். அவன் சொம்பை என் வாயருகே கொண்டுபோயிருக்கிறான். அதே நேரம் மேலே குழாயில் என் குரல், மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், உடம்பில் ஊற்றி விசிறுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள் என்றது.

"அதான் சொல்லுதுல்ல, வாயில ஊத்தாத. மேல ஊத்து!" என்று அவள் சொம்பைப் பிடுங்கியிருக்கிறாள். முப்பது வருடத்தில் நான் சொன்னதை ஒருத்தி அப்படியே கேட்டது அன்றுதான். ஆம்புலன்ஸ் வந்தது. கைக்குழந்தையை விட்டு அவளால் வர முடியவில்லை. "வண்டியை நான் பாத்துக்கிறேன், நீங்க கொண்டுட்டுப் போங்க" என்று அவன் தங்கிவிட்டான். அவர்கள் செய்ததே அதிகம்.

எனக்கு நினைவு நன்றாகத் தெளிந்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வலது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் சாயங்கால வெயில். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவருக்கு மகளும் மருமகனும் மாற்றி மாற்றி விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஒரு நர்ஸம்மா நோட்டோடு வந்து நின்றார்.

"ஐயா, கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"சரி, வூட்டு நம்பர் சொல்லுங்க. தகவல் சொல்லணும்."

பத்து எண்ணையும் தட்டுத் தடுமாறாமல் சொன்னேன். மருந்து மயக்கமோ என்னவோ, வீட்டு நம்பர் என்றதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் தன் போனில் போட்டுக் காதில் வைத்தார்.

என் சட்டைப் பையில் போன் அடித்தது.

நர்ஸம்மா என் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னது என் மனைவியின் நம்பர். கேஸ் சிலிண்டர் புக் பண்ணினால் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். அதற்காக அவளுடைய சிம்மை என் போனில் இரண்டாவதாகப் போட்டு வைத்திருந்தேன். இந்த இரண்டு வருடத்தில் அதற்கு மெசேஜ்தான் வந்திருக்கிறது. ஒருவரும் அழைத்ததில்லை.

இடது கையால் போனை எடுத்தேன். திரை அவள் பெயரைப் போட்டு, சிம் இரண்டு என்று காட்டியது. அந்தப் பெயரில் போன் அடித்து எவ்வளவு காலம் ஆயிற்று. மகளும் மருமகனும் விசிறுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது போல. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"கட் பண்ணிடட்டுங்களா, ஐயா?"

"கொஞ்ச நேரம் அடிக்கட்டும்மா" என்றேன்.